புயல் சேதக் கணக்கில் பறவைகளையும் சேருங்கள்: வனத்துறைக்கும் டெல்டா மாவட்ட ஆட்சியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு தலைமை வன உயிரினக் காப்பாளர் அவர்களுக்கும், நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் மாவட்ட ஆட்சியர்களுக்கும் வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே இது உங்கள் பார்வைக்கு வர வேண்டும் என்று எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். இனி ஒரு புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தால், வீடு, படகு, தென்னை, நெல், கால்நடை என்று சேதம் கணக்கெடுக்கும்போது பறவைகளையும் கணக்கெடுக்க வேண்டும். கோடியக்கரை சரணாலயத்தின் எல்லையோடு அது நின்றுவிடக் கூடாது. காடு, சதுப்பு, உப்பளம், அலையாத்திக் காடு, வயல், ஏரி எல்லாவற்றிலும் ஒரே நாளில், ஒரே முறையில் எண்ண வேண்டும். அதற்கான ஆட்களும் அனுமதியும் பாதைகளும் புயலுக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். புயல் வந்த பிறகு கூட்டம் போட்டு முடிவெடுப்பதற்குள் பறவைகள் இடம் மாறிவிடும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்ததை இந்தப் பக்கத்து மக்கள் மறக்கவில்லை. உயிர்கள் போயின. கூரைகள் போயின. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. பேராவூரணி, பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் வட்டங்களில் தலைமுறையாக வளர்த்த தென்னந்தோப்புகள் ஓர் இரவில் படுத்துவிட்டன. வெளிமான்களின் உடல்கள் கரை ஒதுங்கின. அந்த நேரத்தில் உள்ளானையும் நாரையையும் எண்ண வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் எனக்கே கோபம் வந்திருக்கும். இப்போதும் நிவாரணப் பணியில் இருக்கும் ஒரே ஒரு ஆளைக்கூட இதற்காக இழுக்கச் சொல்லவில்லை. மனிதர்களுக்குச் செய்ய வேண்டியது முதலில் நடக்கட்டும். அந்த வேலைக்குத் தேவைப்படாதவர்கள் பைனாகுலரும் நோட்டுமாக எங்கே போய் நிற்க வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால் போதும்.

எல்லா இடங்களையும் ஏன் ஒரே நாளில் எண்ண வேண்டும்? கோடியக்கரையில் பஸ் ஏறி வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி வழியாக வடுவூர் ஏரிக்குப் போகிறவருக்கு அது ஜன்னலிலேயே புரிந்துவிடும். முதலில் கோடியக்காடு, அதாவது கடலோரத்து உலர் பசுமைமாறாக் காடு. மேற்கே கண்ணுக்கு எட்டும்வரை பெருஞ்சதுப்பு. அகஸ்தியம்பள்ளி தொடங்கி உப்பளப் பாத்திகள். அப்புறம் தென்னையும் மாவும் சவுக்கும் நிற்கும் மணல் மேடு. அதைத் தாண்டினால் சம்பா வயல். கடைசியில் கருவேல மரங்கள் நிற்கும் ஏரி. தெற்கே திரும்பினால் முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் காயலும். இத்தனையும் அரை நாள் பயணத்துக்குள். நமக்கு இவை வேறு வேறு வட்டம், வேறு வேறு வனச்சரகம். பறவைக்கு இது ஒரே வீட்டின் அறைகள். ஓர் அறையில் தண்ணீர் புகுந்தால் அடுத்த அறைக்குப் போகும். ஒரு அறையை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு, பறவைகள் செத்துவிட்டன என்றும் சொல்லக் கூடாது, ஏராளமாக வந்திருக்கின்றன என்றும் சொல்லக் கூடாது.

சதுப்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கேதான் கண் அதிகம் ஏமாறுகிறது. கொசு உள்ளான் என்ற குருவியளவு பறவை இருபது, இருபத்தைந்து கிராம் எடைதான் இருக்கும். ஆர்க்டிக் ஓரத்துச் சைபீரியாவில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வந்து குளிர்காலத்தைக் கழிக்கிறது. அதன் கால் ஒரு தீக்குச்சி நீளம்கூட இல்லை. ஈரச் சேற்றிலும், கால் நனையும் அளவு நீரிலும்தான் அது மேய முடியும். வளைமூக்கு உள்ளானுக்கு இன்னும் கொஞ்சம் ஆழம் ஆகும். நெடுங்கால் உள்ளானுக்கு அதைவிடக் கூடுதல். பூநாரைக்கு முழங்கால் ஆழம் தண்ணீர் ஒரு பொருட்டே இல்லை. ஆகவே சதுப்பில் நீர் நான்கு விரற்கடை ஏறினாலே யார் சாப்பிடுவார், யார் பட்டினி கிடப்பார் என்பது மாறிவிடும். இந்தச் சதுப்பில் ஓதம் மட்டும் நீரை ஏற்றி இறக்குவதில்லை, காற்றும் தள்ளுகிறது. புயல் கடலை உள்ளே தள்ளி, மேலே மழையும் கொட்டினால் சேற்றுப்பரப்பு முழுவதும் மூழ்கிப் போகும். மறுநாள் காலை சாலையில் நின்று பார்ப்பவருக்கு வெறும் தண்ணீர் தெரியும். சிற்றுள்ளான்கள் எல்லாம் அழிந்தன என்று தோன்றும். சில பறவைகள் இறந்தும் இருக்கும்தான். ஆனால் மீதி, உப்பள வரப்பிலும் வயலோரத்துக் களரிலும் தண்ணீர் வற்றும்வரை ஒண்டிக்கொண்டிருக்கும். அந்தக் களரில் யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

உப்பளத்தில் கதை வேறு. கஜாவில் அகஸ்தியம்பள்ளி, கோடியக்காடு பக்கத்துப் பாத்திகளில் கடல் சேற்றைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனது. அதை வாரி வெளியேற்றித் தளத்தை மறுபடி இறுக்குவதற்குள் தொழிலாளர்கள் பட்ட பாடு அவர்களுக்குத்தான் தெரியும். பாத்தி நீரின் உப்பு எத்தனை டிகிரி என்று அவர்கள் தினமும் பார்ப்பவர்கள். எந்த டிகிரியில் தண்ணீர் சிவக்கும், எப்போது சிறு இறால் பொங்கும், எப்போது பூநாரை வந்து இறங்கும் என்பது அவர்களுக்கு அனுபவப் பாடம். மழை நீர் புகுந்து உப்பு இறங்கிவிட்டால் அந்த இரை போய்விடும், பூநாரையும் போய்விடும். இந்த விவரத்தைக் கேட்டு எழுதிக்கொள்ள நம்மிடம் ஒரு படிவம்கூடக் கிடையாது.

இனி காடு. 1967இல் இது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது வெளிமானுக்காக. 2002இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், இடம்பெற்றது நீர்ப்பறவைகளுக்காக. இரண்டுக்கும் நடுவே பாலையும் நாவலும் உகாவும் வேம்பும் அடர்ந்த இந்தக் காட்டின் பறவைகளுக்குக் கிடைத்த கவனம் குறைவு. அக்டோபர், நவம்பரில் வடக்கிலிருந்து வரும் காட்டுப் பறவைகள் நிலம் முடியும் இந்த முனையில்தான் இறங்கி இளைப்பாறுகின்றன. சில இங்கேயே தங்கும். சில பாக் நீரிணையைத் தாண்டி இலங்கைக்குப் போகும். ஆறுமணிக்குருவி, செந்தலைப் பூங்குருவி, கொடிக்கால் வாலாட்டி, அரசவால் ஈப்பிடிப்பான், பழுப்புக் கீச்சான் எல்லாம் வரும் காலமும் புயல் காலமும் ஒன்றே. பல நூறு கிலோமீட்டர் பறந்து உடம்பில் இருந்த கொழுப்பையெல்லாம் கரைத்துவிட்டு வந்து இறங்கும் நேரத்தில் காடு தலைகீழாகக் கிடந்தால் என்ன செய்யும்?

கஜாவுக்குப் பின் கோடியக்காட்டில் ஒரு சாய்ந்த பாலை மரத்தடியில் ஆறுமணிக்குருவி ஒன்றைப் பார்த்தேன். மரம் வேரோடு புரண்டு, வேர்ப்பந்து ஆள் உயரத்துக்கு மண்ணோடு நின்றது. அது பிடுங்கிய குழியில் ஈரச் சருகு. குருவி அதற்குள் இறங்கி, அலகால் சருகை இடமும் வலமும் தள்ளி, ஒரு புழுவை இழுத்துத் தின்றது. குட்டை வாலை மெல்ல மேலும் கீழும் ஆட்டியது. பச்சை முதுகு, தோளில் நீலப் பட்டை, வயிற்றின் அடியில் சிவப்பு. சுற்றிலும் நின்ற மரங்களில் இலை இல்லை. இருந்த இலையும் உப்புக் காற்றில் கருகியிருந்தது. நிழலே இல்லாத காட்டில், நிழலில் மட்டுமே வாழும் பறவைக்கு அந்தக் குழியும் அதன்மேல் கிடந்த கிளைகளும்தான் புகலிடம். விழுந்த மரத்தைப் பற்றிப் பின்னால் நான் கேட்கப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முத்துப்பேட்டையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், உள்ளே போனவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஜாம்புவானோடையிலிருந்து படகில் போனால் இரு கரையிலும் பச்சைச் சுவராக நிற்கும் அலையாத்தி மரங்கள் கஜாவில் இலையை உதிர்த்துச் சாம்பல் நிறமாக நின்றன. கோரையாறும் பாமணியாறும் வந்து சேரும் காயலின் முகத்துவாரம் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே அங்கே மீனும், மீனை நம்பிய நீர்க்காகமும் கொக்கும் ஆலாவும். முகத்துவாரத்தில் மணல் சேர்ந்ததா, வெட்டுப்பட்டதா என்று மீனவரைக் கேட்டால் ஒரு வரியில் சொல்லிவிடுவார்.

தென்னந்தோப்பும் வயலும் சரணாலயம் இல்லை என்பதால் எந்தக் கணக்கிலும் வராது. ஆனால் நம் ஊர்ப் பறவைகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. கஜாவில் தென்னை சாய்ந்தது, பனை பெரும்பாலும் நின்றது. அதற்குப் பிறகு ஊருக்குள் பனங்காடையும் பனை உழவாரனும் இருந்த இடத்திலேயே இருந்ததற்கு அதுதான் காரணம் என்பது என் கணிப்பு. தலை முறிந்து மொட்டையாக நின்ற தென்னைகளைச் சில தோப்புகளில் உடனே வெட்டவில்லை. தண்டு உளுத்த பிறகு அதில் கிளியும் மைனாவும் பொந்து பிடித்தன. வயலில் நீர் நின்றால் நத்தை பெருகும், நத்தைகுத்தி நாரை கூட்டமாக இறங்கும். அழுகிப்போன சம்பாப் பயிரின் நடுவே நூறு நாரை நிற்பதைப் பார்த்து, பறவைக்கு நல்ல காலம் என்று எழுதிவிடலாம். அந்த வயலின் சொந்தக்காரர் வரப்பில் உட்கார்ந்திருப்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அதே நாரை உதயமார்த்தாண்டபுரம் ஏரியில் கூடு வைக்கும் மரம் நிற்கிறதா, விழுந்ததா என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அப்போதுதான் அது கணக்கு.

இப்போது நடைமுறைக்கு வருகிறேன். வனத்துறை சில ஆண்டுகளாக மாநிலம் முழுவதும் ஒருங்கிணைந்த பறவைகள் கணக்கெடுப்பு நடத்திவருவதை மனதாரப் பாராட்டுகிறேன். கல்லூரி மாணவர்களையும் எங்களைப் போன்ற ஆர்வலர்களையும் நம்பி அதில் சேர்த்துக்கொள்கிறீர்கள். ஆனால் அது பெரும்பாலும் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையே நடந்துவந்திருக்கிறது. ஈரநிலப் பறவைகளுக்கு ஒரு வார இறுதி, நிலப் பறவைகளுக்கு வேறொரு வார இறுதி. வழக்கமான ஆண்டுக்கு இந்த ஏற்பாடு சரி. நவம்பர் நடுவில் புயல் அடித்த ஆண்டில், முதல் எண்ணிக்கைக்குப் பல வாரங்கள் ஆகிவிடும். அதற்குள் சதுப்பு வடிந்து, வந்த பறவை திரும்பி, போன பறவை போனதாகவே இருக்கும். கூடவே, சதுப்பை ஒரு வாரமும் வயலையும் காட்டையும் இன்னொரு வாரமும் எண்ணினால், இடம் மாறிய கூட்டம் இரண்டு முறை எண்ணப்படலாம், ஒரு முறைகூட எண்ணப்படாமலும் போகலாம்.

ஆகவே கோடியக்காட்டுச் சாலை, கோடியக்கரைச் சதுப்புச் சாலை, அகஸ்தியம்பள்ளி உப்பளம், தலைஞாயிறு பக்கத்து வயலும் நீர்நிலையும், முத்துப்பேட்டைக் காயல், உதயமார்த்தாண்டபுரம், வடுவூர் ஏரிகள், கூடவே ஒரு தென்னந்தோப்புக் கிராமம் என்று நிலையான பாதைகளை இப்போதே குறித்துவிடுங்கள். அக்டோபரில் ஒரு முறை எண்ணிவிடுவோம். புயல் வராவிட்டாலும் அந்த எண்ணிக்கை வீண் போகாது. புயல் வந்தால், சாலை திறந்து, பாதுகாப்பு உறுதியான முதல் வாரத்துக்குள் அதே பாதை, அதே நேரம், அதே முறையில் மறுபடி. ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை. பறவை இல்லாத இடத்திலும் "இல்லை" என்று எழுத வேண்டும், நீரின் ஆழத்தையும் உப்பையும் எழுத வேண்டும். பொங்கல் விடுமுறையில் ஊர் ஊராக ஆர்வலர்கள் பதினைந்து நிமிடப் பட்டியல்களை இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிவு செய்கிறார்களே, அந்தப் பழக்கம் இதற்கு அப்படியே உதவும். புதிதாகச் செயலியோ கட்டடமோ வேண்டாம்.

யாரை அனுப்புவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. சென்னையிலிருந்து ஒரு குழு வந்து இரண்டு நாள் தங்கிப் போவதைவிட, இங்கேயே இருக்கும் உப்பளத் தொழிலாளியும் படகோட்டியும் வேட்டைத் தடுப்புக் காவலரும் ஆளுக்கு ஒரு பாதையில் நடப்பது மேல். உள்ளானில் எது எது என்று பிரித்தறிய ஒரு பழகிய கண் கூட இருந்தால் போதும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகக் கோடியக்கரையில் பறவைகளுக்குக் கால்வளையம் மாட்டிவருகிறது. அந்தப் பணியின் பலமே பறவையைக் காயமில்லாமல் பிடிக்கத் தெரிந்த கைகள்தான். புயலுக்குப் பின் வேலை இழந்து நிற்பவர்களுக்கு இந்தக் கணக்கெடுப்பை நாள் கூலியோடு கொடுங்கள். இலவசமாக வரச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

இறந்த பறவைகளைப் பற்றியும் ஒன்று. நோய் பரவாமல் இருக்க உடல்களைப் புதைப்பது சரியே. புதைப்பதற்கு முன் கைக்கு உறையிட்டு, இனம், இடம், எண்ணிக்கை மூன்றையும் எழுதி, ஒரு படம் எடுத்து, காலைப் பாருங்கள். அலுமினிய வளையம் இருக்கலாம். அதில் பம்பாய் கழகத்துக்குத் தெரிவிக்கும்படி ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் பொறித்திருக்கும், பக்கத்தில் ஓர் எண். கொசு உள்ளானின் வளையம் என்றால் லென்ஸ் வைத்துத்தான் படிக்க முடியும். அந்த எண்ணை வைத்துத்தான் அந்தப் பறவை எந்த ஆண்டு, எங்கே பிடிபட்டது என்று தெரியவரும். மண்ணுக்குள் போய்விட்டால் அது யாருக்கும் தெரியாது. துப்புரவுப் பணியாளர்களுக்கு இதை ஒரு பக்கத் தாளில் தமிழில் அச்சிட்டுக் கொடுப்பது பெரிய செலவில்லை.

விழுந்த மரங்கள் விஷயத்தில் பணிவாகவும் அழுத்தமாகவும் ஒன்று கேட்கிறேன். சாலையை மறித்தவை, மின்கம்பியில் கிடப்பவை தவிர, காட்டுக்குள் விழுந்த எதையும் அகற்ற வேண்டாம். பாலை மரம் சாய்ந்து கிடந்தாலும் ஒரு பக்க வேர் மண்ணில் இருந்தால் துளிர்க்கும். அதன் கிளைக்கு அடியில்தான் அடுத்த நாவலும் உகாவும் முளைக்கும், விதையைக் கொண்டுவந்து போடுவதே பழம் தின்னும் பறவைகள்தான். அங்கே இயந்திரத்தை இறக்கித் துப்புரவாக்கினால் வெயில் விழுந்த மண்ணில் முதலில் வந்து நிற்பது சீமைக்கருவேலம். சரணாலயத்தின் புல்வெளியை அது ஏற்கெனவே எவ்வளவு தின்றுவிட்டது என்பது உங்களுக்கே தெரியும். புயலுக்குப் பிறகு செலவழிக்கப் பணம் இருந்தால், அதன் நாற்றுகளைக் கையால் பிடுங்கும் கூலிக்கு ஒதுக்குங்கள்.

கேமராவும் கையுமாக வரும் என் நண்பர்களுக்கும் இதே மடலில் ஒரு வேண்டுகோள். புயல் அடித்தால் நடுக்கடலில் வாழும் பறவைகள் உள்நாட்டு ஏரிகளில் வந்து விழும். மேலே கறுப்பும் கீழே வெள்ளையுமாக ஓர் ஆலா வரப்பில் தலை தொங்கி உட்கார்ந்திருந்தால் அது மனிதருக்குப் பயப்படாத சாதுவான பறவை என்று நினைத்து நெருங்காதீர்கள். பறக்கத் தெம்பில்லாமல் கிடக்கிறது. துரத்திப் படமெடுத்தால் அன்றைக்கே செத்துவிடும். நாயும் காகமும் நெருங்காமல் பாருங்கள். அதற்கும் வழியில்லை என்றால் காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக, அமைதியாக வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். காட்டில் களைத்து இறங்கிய ஆறுமணிக்குருவியைக் கைப்பேசியில் அதன் குரலைப் போட்டு வெளியே வரவழைப்பதும் வேண்டாம். அந்தச் சில வாரங்களில் ஒவ்வொரு நிமிடமும் அதற்கு இரை தேடும் நேரம்.

வனத்துறையிடம் நாங்கள் எதிர்பார்ப்பது ஓர் ஆணை. புயலுக்குப் பின் சரணாலயம் மூடப்பட்டாலும், பெயர் பதிவு செய்த கணக்கெடுப்பாளர்கள் வனக் காவலருடன் குறித்த பாதையில் செல்லலாம் என்று அதில் இருக்க வேண்டும். ஆட்சியர்களிடம் எதிர்பார்ப்பது, சேதக் கணக்குப் படிவத்தில் ஒரு பக்கமும் கூலிக்கு ஒரு சிறு தொகையும். பாதைகளின் வரைபடத்தையும், ஒவ்வொரு பாதைக்கும் வரத் தயாராக இருப்பவர்களின் பட்டியலையும் செப்டம்பருக்குள் உங்கள் அலுவலகத்தில் நேரில் தருகிறோம். எந்தத் தேதியில் வரலாம் என்று மட்டும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
வேதாரண்யம் பகுதிப் பறவை ஆர்வலர் ஒருவர்